தினமும் எது, வாரம் எது, மாதம் எது: வீட்டுச் சுத்தத்துக்கு ஒரு நடைமுறைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டைப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்வார்கள். புதன்கிழமை வந்தால் வீடு பழையபடி கிடக்கும். இதற்குச் சோம்பல் காரணமில்லை, வேலையைப் பிரித்த விதம்தான் தப்பு. இன்று சமையலறை, நாளை படுக்கையறை என்று அறை அறையாகப் பிரிக்கிறோம். ஆனால் ஒரே சமையலறையில் சிங்க் ஒரு ராத்திரிகூடத் தாங்காது, மிக்சிக்குப் பின்னால் உள்ள சுவர் ஒரு மாதம் தாங்கும். எந்த இடம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துப் பிரித்தால், இரண்டு படுக்கையறை வீட்டுக்குத் தினமும் அரைமணி நேரமும் வாரத்தில் ஒருநாள் ஒன்றரை மணி நேரமும் பெரும்பாலும் போதும்.

ராத்திரியைத் தாண்டக் கூடாதவை

முதலில் சிங்க். சமையலறையில் திரியும் சிறிய பழுப்புக் கரப்பான் சோறு இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. அதனால் பாத்திரம் கழுவினால் மட்டும் போதாது, சிங்க்கைத் துணியால் ஒற்றிக் காயவிட வேண்டும். காலையில் வேலைக்கு அக்கா வந்து கழுவுவார் என்றால், எச்சிலை வழித்துப் போட்டு, ஒருமுறை அலசி, தண்ணீர் தேங்காமல் கவிழ்த்து வையுங்கள். 'ஊறட்டும்' என்று தண்ணீர் ஊற்றி வைப்பது கரப்பானுக்கு வைக்கும் விருந்து. இந்த வகையின் ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். ஸ்ப்ரே அந்தப் பையைத் துளைத்து உள்ளே போகாது. மருந்து அடித்த சில வாரங்களில் குஞ்சுகள் மறுபடி ஓடுவதற்கு அதுதான் காரணம்.

ஸ்பான்ஜைப் பிழிந்து நிறுத்தி வையுங்கள், சோப்புத் தண்ணீருக்குள் கிடந்தால் மறுநாளே நாறும். மக்கும் குப்பையை மூடியுள்ள கூடையில் போட்டு, அன்றன்றைக்கே வெளியேற்ற வேண்டும். அடுப்பு ஆறியதும் ஈரத் துணியால் ஒரு துடை. கஞ்சி பொங்கி வழிந்த நாளில் மட்டும் பர்னரைக் கழற்றிக் கழுவி, ஓட்டைகளை ஊசியால் குத்திவிடுங்கள். ஈர்க்குச்சி வேண்டாம், உள்ளேயே முறிந்து நிற்கும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், ஓட்டை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை: வியாழக்கிழமை

வெள்ளிக்கிழமை பூஜைக்காக வியாழனன்றே விளக்கும் பாத்திரமும் துலக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வார வேலைகளை அந்த நாளோடு சேர்த்துவிட்டால் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்று முதல் வேலை, தேங்கிய தண்ணீர்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் இடையில் ஒரு தலைமுறை பறந்துபோயிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலே வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முட்டையோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே கொட்டிய பிறகு உட்சுவரை முரட்டு பிரஷ்ஷால் சுற்றித் தேய்க்க வேண்டும். புழு நெளியும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த தரையில் கொட்டுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஃப்ரிட்ஜின் பின்னால் கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, மொட்டைமாடியில் பெயிண்ட் டப்பா, குருவிக்கு வைத்த கிண்ணம். இவற்றில் அதிகம் மறந்துபோவது ஃப்ரிட்ஜ் தட்டுதான், அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. சம்ப், மேல்தொட்டி மூடிகள் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் அன்றே பார்த்துவிடலாம்.

அதன்பின் மேலிருந்து கீழாக. ஒட்டடை, ஃபேன், அலமாரி, கடைசியில் தரை. தரையைத் துடைத்துவிட்டு ஃபேனில் கைவைத்தால் இரண்டு வேலையும் வீண். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையைப் போல வசதியானது வேறில்லை: சுவிட்சை அணைத்து, ஸ்டூலில் ஏறி, இறக்கையை உறைக்குள் விட்டு, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வெளியே இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். உறையை உதறித் துவைக்கப் போட்டுவிடலாம்.

தரை துடைக்கும் திரவத்தை பாட்டிலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் சுத்தம் கூடாது, பிசுபிசுப்புதான் கூடும். காய்ந்த பின் அந்தப் படலத்தில் தூசி ஒட்டி, துடைத்த மறுநாளே தரை மங்கும். இரண்டு அறைக்கு ஒருமுறையாவது வாளித் தண்ணீரை மாற்றுங்கள். கறுத்த தண்ணீரில் துடைப்பது ஹாலின் அழுக்கைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பூசுகிற வேலை.

குளியலறை: உப்புத் தண்ணீரும் ஆசிட் பாட்டிலும்

போர்த் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிகின்றன. தண்ணீர் சுவரிலேயே காய்ந்தால்தான் கறை விழும். கடைசியாகக் குளித்தவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை இழுத்துவிட்டால் ஒரு நிமிடம் ஆகும், மாதக் கடைசியில் ஒரு மணி நேரத் தேய்ப்பு மிச்சம்.

ஏற்கெனவே படிந்த கறைக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, 20 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஷவர் தலையைக் கழற்ற வராவிட்டால், அதே கரைசலை ஒரு கவரில் ஊற்றி ஷவரை அதில் மூழ்கவிட்டுக் கட்டிவிடலாம். ஆனால் மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மேல் இது படக் கூடாது. மூன்றிலுமே சுண்ணாம்புச் சத்து இருப்பதால் புளிப்பு பட்ட இடம் அரித்துப் பளபளப்பு போய்விடும். கடையில் லிட்டர் கணக்கில் விற்கும் ஆசிட் இன்னும் மோசம். கறையோடு டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டையும் தின்றுவிடும், அந்த வழியாகத் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங்குக்கு இறங்கலாம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. டாய்லெட் கழுவும் திரவங்களில் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதை ஊற்றிய கையோடு, 'இன்னும் வெள்ளையாகட்டும்' என்று பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் சில நொடிகளிலேயே கண் எரிந்து நெஞ்சு அடைக்கும். அப்படி ஆனால் உள்ளே நின்று கழுவிவிட முயலாதீர்கள். உடனே வெளியேறி, வீட்டு ஜன்னல்களைத் திறந்து, கண்ணை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

மாதத்துக்கு ஒன்று

ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பு, வாஷிங் மெஷின் ஃபில்டர், மிக்சி சுவர், சிம்னி வலை. சிம்னி வலை அலுமினியம் என்றால் வாஷிங் சோடா போடாதீர்கள், கறுத்துவிடும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பரணில் அட்டைப்பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது, கரையான் சுவர்வழியே ஏறுவது கண்ணில் படாது.

மளிகை டப்பாக்களும் இந்தக் கணக்கில்தான் வரும். மீதிப் பருப்பின் மேலேயே புதுப் பருப்பைக் கொட்டுவதால், அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து, அங்கிருந்து வண்டு கிளம்பி முழு டப்பாவையும் கெடுக்கும். மீதியைத் தட்டில் எடுத்து, டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போடுங்கள். கடைக் கவர்களில் பத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை மக்காத குப்பையில் சேர்க்கலாம். கவருக்குள் கவர் திணித்த ஒரு மூட்டை கதவுக்குப் பின்னால் தொங்காத வீடு அபூர்வம்!

இவ்வளவும் அம்மாவின் மனசுக்குள் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் அட்டவணை இல்லை. மாதக் காலண்டரில் வியாழக்கிழமைக் கட்டங்களில் வேலையையும் செய்பவர் பெயரையும் எழுதுங்கள். ஃபேன் மகனுக்கு, குளியலறை அப்பாவுக்கு என்று பெயர் இருந்தால்தான் வேலை நடக்கும்.

காய்ச்சல், கல்யாணம், பரீட்சை என்று தடங்கல் வராத மாதம் கிடையாது. விட்டுப்போன வேலைகளை மறுவாரத்தின் தலையில் கட்டாதீர்கள், அங்கேதான் அட்டவணை உடைகிறது. எவ்வளவு நெருக்கடியிலும் தப்பக் கூடாதவை இரண்டுதான்: ராத்திரி சிங்க், வியாழக்கிழமைத் தண்ணீர். ஃபேன் தூசி அடுத்த வியாழன் வரை அங்கேயே இருக்கும்.