அருகமைப் பள்ளி: சொல்லும் தொலைவும்

'நெய்பர்ஹுட் ஸ்கூல்' என்னும் ஆங்கிலத் தொடருக்கு நேராகத் தமிழில் வழங்கும் சொல் அருகமைப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றிய கட்டுரைகளிலும், பொதுப்பள்ளி முறை வேண்டும் என்று கேட்கும் துண்டறிக்கைகளிலும் இச்சொல்லை அடிக்கடி காணலாம். ஆனால் வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாயின் வாயில் இது வராது. "பக்கத்துல இருக்குற கார்ப்பரேஷன் ஸ்கூல்" என்பார், கட்டணம் கட்ட முடிந்தவரானால் "மெட்ரிக்" என்பார். மாநகராட்சிப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் சென்னைத் தொடக்கப் பள்ளி, சென்னை மேல்நிலைப் பள்ளி என்று மாறிய பிறகும் வாய்வழக்கில் கார்ப்பரேஷன் மாறவில்லை.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். அருகு, அமை ஆகிய இரண்டும் சேர்ந்தது அருகமை. அருகில் அமைந்த, அமைகின்ற, அமையும் பள்ளி என மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் இதை வினைத்தொகையாகக் கொள்ளலாம். அப்படிக் கொண்டால் 'அருகமை பள்ளி' என்று ஒற்று மிகாமல்தான் எழுதவேண்டும். ஆயினும் அண்மை, சேய்மை போன்ற பண்புப் பெயராகக் கருதி ஒற்று மிகுத்தே பலரும் எழுதுவதால், வழக்கையே நானும் பின்பற்றுகிறேன். பொறுத்துக்கொள்ள முடியாதது 'அருகாமைப் பள்ளி' என்பது. கல்லாமை, அறியாமை என்பவற்றில் உள்ள எதிர்மறை 'ஆ' அருகாமையிலும் இருக்கிறது. அருகுதல் என்ற வினைக்குக் குறைதல், அரிதாதல் என்று பொருள். 'அருகிவரும் உயிரினம்' என்கிறோமே, அதே வினைதான். ஆகவே அருகாமையின் நேர்ப்பொருள் குறையாமை. அதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் தொடர்பில்லை. பெயர்ச்சொல்லாக அண்மையையும் வினைச்சொல்லாக அரிதாதலையும் குறிக்கும் 'அருகு' என்ற ஒரே வடிவத்தை இந்தப் பள்ளிக்கு வைத்தது திட்டமிட்ட செயல் அன்று என்றாலும், பொருத்தம் வியக்க வைக்கிறது.

ஆங்கிலத்தின் 'நெய்பர்' பழைய ஆங்கிலத்தில் 'பக்கம்' என்பதும் 'குடியானவர்' என்பதும் கூடிப் பிறந்த சொல். அதாவது அதன் உள்ளே தூரத்தோடு ஓர் ஆளும் இருக்கிறார். தமிழில் இதற்கு ஈடானது அயல். மலையாளத்தில் அயல்க்காரன் இன்றும் பக்கத்து வீட்டுக்காரன்தான். நம்மிடமோ அயல்நாடு, அயலவர் என்று அது வேற்றாளை நோக்கி நகர்ந்துவிட்டது. 'அயற்பள்ளி' என்று எழுதினால் வெளிநாட்டுப் பள்ளி என்றே படிப்பார்கள். இதனால் அருகமை வென்றது. வென்றபோது ஆள் விடுபட்டு, தூரம் மட்டும் மிஞ்சியது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இத்தொடரை இந்தியக் கல்விக் கொள்கைக்குள் கொண்டுவந்தபோது, சாதி, சமயம், வருவாய், தகுதிநிலை என்ற வேறுபாடின்றி ஒரு வட்டாரத்தின் எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிப்பதையே அது குறித்தது. கடைக்காரர் மகளும் அவரிடம் மூட்டை தூக்குபவர் மகளும் ஒரே வகுப்பில் இருந்தால்தான் அந்தப் பள்ளியின் ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கும் என்பது அதன் உட்கருத்து. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலும் இத்தொடர் இருக்கிறது. ஆனால் விதிகளில் அது அளவுகோலாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர்.

ஒரு கிலோமீட்டர் வட்டத்தை வடசென்னையில் வரைந்து பார்க்கவேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கவராயத்தை ஊன்றினால் பாதி வட்டம் கடலுக்குள் விழும். எண்ணூரில் அதில் பெரும்பகுதியைக் கழிமுகமும் தொழிற்சாலைச் சுவர்களும் எடுத்துக்கொள்ளும். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் நேரத்தை எந்த விதியும் தூரத்தில் சேர்ப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய சிக்கல் வேறு. தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கவேண்டும் என்கிறது அதே சட்டம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். இங்கும் அதே ஒரு கிலோமீட்டர்தான் எல்லை. கொடுங்கையூரில் ஒரு குழந்தையின் வட்டத்துக்குள் பெரும்பாலும் குறைந்த கட்டணப் பள்ளிகளே வரும்; அண்ணா நகரிலும் கீழ்ப்பாக்கத்திலும் உள்ள பெரிய பள்ளிகள் வட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். ஏழையையும் செல்வரையும் ஒரே பலகையில் உட்காரவைக்க வந்த ஏற்பாடு, ஏழையை அவரைவிடச் சற்றே வசதியுள்ளவருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதோடு முடிந்துபோகிறது.

வட்டாரத்தின் வருமானத்துக்கும் பள்ளிக்கும் உள்ள பிணைப்பு அமெரிக்காவில் வெளிப்படையானது. அங்கே பள்ளி மாவட்டங்களின் வருவாயில் கணிசமான பங்கு உள்ளூர் வீட்டு வரியிலிருந்து வருவதால், வீட்டின் விலை ஏறினால் பள்ளியின் பணமும் ஏறும். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில் ஏழை மாவட்டப் பெற்றோர் இந்த நிதி முறையை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. சென்னையில் அப்படியில்லை. சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது என்றாலும், அடையாற்றின் வரி அடையாற்றுப் பள்ளிக்கே என்ற ஏற்பாடு கிடையாது. மாநகராட்சி ஆசிரியரின் ஊதிய விகிதமும் எங்கும் ஒன்றே. ஆகவே நம் ஊரில் வட்டாரத்தின் வருமானம் பள்ளியைத் தொடுவது கருவூலத்தின் வழியாக அன்று, வீட்டின் வழியாக. கட்டணம் கட்ட முடிந்தவர் வெளியேறியதும், கேள்வி கேட்க நேரமும் துணிவும் உள்ளவரும் அவரோடு போய்விடுகிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்பது சட்டம். விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவரும், துறைமுகத்தில் நாட்கூலிக்கு நிற்கிறவரும் அக்குழுவின் கூட்டத்துக்கு வருவதற்குக் கொடுக்கும் விலை ஒரு நாள் கூலி. ஒற்றை அறை வீட்டில் படிக்க மூலை இல்லாத பிள்ளைக்கு டியூஷன் செலவும் சேர்கிறது. இவை எதுவும் பள்ளியின் வரவுசெலவுக் கணக்கில் தெரியாது.

பாடநூலைப் பொதுவாக்கினால் இது தீரும் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2011 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சமச்சீர்க் கல்வியைக் கொண்டுவந்தன. அது பெரிய செயல், ஐயமில்லை. புத்தகம் ஒன்றானது, பக்கத்தில் உட்காரும் பிள்ளை மாறவில்லை. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்தை, அந்தப் பிள்ளைகள் வேறொரு கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவே நான் படிக்கிறேன்.

தகுந்த தமிழ்ச் சொல் எது? வடசென்னையின் நாக்குக்கு இயல்பானது 'பேட்டைப் பள்ளி'. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று பேட்டைகளாலேயே ஆன நிலம் இது. "நம்ம பேட்டை" என்றால் இடமும் ஆளும் சேர்ந்தே வரும். ஆனால் தஞ்சாவூருக்கோ நாகர்கோவிலுக்கோ அச்சொல் பயணப்படாது. எனவே தொலைவை மட்டும் சொல்லும்போது அருகமைப் பள்ளி என்றும், கோத்தாரி குழுவின் பொருளில் சொல்லும்போது அருகமைப் பொதுப்பள்ளி என்றும் பிரித்து எழுதுவது நல்லது. வழக்கு பின்வருமாறு அமையலாம்: 'எங்கள் தெருவிலிருந்து அருகமைப் பள்ளி 600 மீட்டரில் இருக்கிறது, அருகமைப் பொதுப்பள்ளி இல்லை.'