ஒரே கணினி, ஐந்து பேர்: உங்கள் கோப்பை யாரெல்லாம் திறக்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கணினிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கோரிக்கை ஒன்று உண்டு: “இந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள், அண்ணே.” கேட்பவர் கோயில் பொருளாளராக இருப்பார்; திருவிழா வரவு செலவுக் கணக்கைப் பிள்ளைகள் விளையாட்டாக அழித்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அல்லது எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப்போகும் மாணவியாக இருப்பார். தம்பி கை வைக்காமல் இருந்தால் போதும் என்பார். நியாயமான ஆசைதான். ஆனால் விண்டோஸில் ஃபோல்டருக்குக் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது.

காரணம் கஞ்சத்தனம் அன்று. ஒவ்வொரு ஃபோல்டரின் வாசலிலும் நின்று ‘உனக்கு ரகசியச் சொல் தெரியுமா?’ என்று கேட்பது அதன் வழக்கமில்லை. ‘நீ யார்?’ என்பதைக் கணினிக்குள் நுழையும்போதே ஒருமுறை கேட்டு முடித்துவிடுகிறது. அதன்பின் எந்தக் கோப்பைத் தொட்டாலும் அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்ப்பு. ஆகவே அப்பா, அம்மா, தாத்தா, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரும் ஒரே கணக்கில் நுழைகிற வீட்டில், கணினியைப் பொறுத்தவரை குடியிருப்பவர் ஒரே ஆள்தான். அவருடைய கோப்பை அவரிடமிருந்தே மறைப்பது எப்படி?

ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் தொல்லை வீட்டுக் கணினிக்கு முன்பே தொடங்கியது. 1961இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்து காட்டியது. ஒருவர் கோப்பு இன்னொருவர் கையில் சிக்கக்கூடாது என்று ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, ஒதுக்கிய கணினி நேரம் தன் ஆய்வுக்குப் போதாத ஆலன் ஷெர் என்ற மாணவர், கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி, அன்று கணினிக்குக் கட்டளை தரப் பயன்பட்ட துளை அட்டை ஒன்றில் கேட்டு, மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். 1966இல் இன்னும் வேடிக்கை. அன்றாட அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் ஒரே நேரத்தில் திருத்தப்பட்டபோது இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்தவர்களின் முன்னால் வரவேற்பு அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்து நின்றது. கணினி உலகம் அன்று பட்ட பாட்டை வீட்டுக் கணினி வந்தபோது மறந்தே போனது. விண்டோஸ் 98 கடவுச்சொல் கேட்கும். எஸ்கேப் விசையைத் தட்டினால் கேட்டதை மறந்துவிட்டு உள்ளே விட்டுவிடும். கோப்புகளை எழுதிவைத்த ஃபேட் முறையில் ‘இது யாருடையது’ என்று குறிக்க இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்கியது 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ். அலுவலகங்களில் இருந்த அந்த முறை 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியின் வழியாகத்தான் வீடுகளுக்குள் பரவலாக வந்தது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். நீங்கள் ஒரு கணக்கைத் தொடங்கியதும் விண்டோஸ் அதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. எஸ்-1-5-21 என்று தொடங்கி, மூன்று நீண்ட எண்களைத் தாண்டி, 1001, 1002 என்பதுபோல முடியும். திரையில் தெரியும் பெயர் மனிதர்களுக்காக. தீர்ப்பு முழுவதும் இந்த எண்ணை வைத்துத்தான். தோட்டத்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவேட்டை, அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே லயத்தில் இரண்டு முனியம்மாக்கள் இருந்தால், கணக்கெழுதும் கிராணி பெயரை நம்பிச் சம்பளம் போடமாட்டார்; எண்ணைப் பார்த்துத்தான் போடுவார். கணினியும் அப்படித்தான். அக்காவின் கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு புதிதாக ஒன்றைத் தொடங்கினாலும், கிடைப்பது புது எண். எஞ்சியிருக்கும் பழைய கோப்புகளுக்கு அவர் அந்நியர்.

சரியான கடவுச்சொல்லைத் தட்டியதும் உங்கள் எண்ணும், நீங்கள் சேர்ந்திருக்கும் குழுக்களின் எண்களும் அடங்கிய ஒரு சீட்டைக் கணினி தன் நினைவகத்தில் தயார் செய்கிறது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அந்தச் சீட்டின் நகலோடுதான் ஓடுகிறது. மறுபுறம், என்டிஎஃப்எஸ் டிஸ்கில் உள்ள ஒவ்வொரு கோப்போடும் ஒரு பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: இந்த எண்ணுக்குப் படிக்கலாம், இந்த எண்ணுக்கு மாற்றலாம், இந்த எண்ணுக்கு ஒன்றும் கூடாது. வேர்டு ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும்போது விண்டோஸ் சீட்டையும் பட்டியலையும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் திறக்கும். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு மறுப்புத்தான். ‘கூடாது’ என்று தனியாக எழுதி வைக்கத் தேவையில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே ‘எல்லோருக்கும் கூடாது’ என்று ஒரு தடையைச் சேர்த்துவிடுகிறார்கள். ‘எல்லோரும்’ என்பதில் தாங்களும் அடக்கம், தடைதான் முதலில் படிக்கப்படும் என்பது, தங்கள் கோப்பே தங்களுக்குத் திறக்காதபோதுதான் உறைக்கிறது.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘புராப்பர்டீஸ்’ போய், ‘செக்யூரிட்டி’ என்ற தாவலைத் திறங்கள். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்பதற்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரைப் பார்த்தால் பட்டியல் சின்னது: சிஸ்டம் (அதாவது விண்டோஸே), நிர்வாகிகள் (கணினி முழுவதையும் மாற்றும் உரிமை உள்ள கணக்குகள்), நீங்கள். அவ்வளவுதான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. தம்பி தன் சொந்தக் கணக்கில், நிர்வாகி அல்லாதவனாக நுழைந்தால் இவை எதுவும் அவனுக்குத் திறக்காது. நீங்கள் எந்த ஏற்பாடும் செய்ய வேண்டியதில்லை.

இப்போது டி டிரைவுக்குப் போங்கள். நம் ஊரில் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதும், ‘முக்கியமானதை டியில் போடுங்கள், விண்டோஸ் கெட்டாலும் தப்பிக்கும்’ என்று சொல்வதும் வழக்கம். அறிவுரை நல்லதுதான். ஆனால் அங்கே நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரின் பட்டியலில் ‘ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். கணினியில் முறையாக நுழைந்த எவரும் என்று பொருள். அவர்களுக்குப் படிக்கவும், மாற்றவும், அழிக்கவும் அனுமதி. அம்மாவின் ஊழியர் சேமநிதி அறிக்கை, அப்பாவின் அடையாள அட்டை நகல், வருமான வரிப் படிவம் என எதை ஒளித்து வைக்க வேண்டுமோ அதையெல்லாம் கொண்டுபோய் வீட்டிலேயே திறந்து கிடக்கும் இடத்தில் வைக்கிறோம். சி டிரைவில், வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் நேரடியாக ஒரு ஃபோல்டர் தொடங்கினாலும் இதே கதைதான். டியிலேயே வைக்க வேண்டுமென்றால், அந்த ஃபோல்டரின் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில், மேலிருந்து பட்டியலைப் பெறுவதை நிறுத்திவிட்டு அந்த வரியையும், கூடவே படிக்க அனுமதி தரும் ‘யூசர்ஸ்’ என்ற குழுவின் வரியையும் நீக்க வேண்டும். நீக்குவதற்கு முன் உங்கள் பெயரில் முழு அனுமதி உள்ள வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தால் அது போய்ச் சேரும் ஃபோல்டரின் பட்டியலைப் பெறுகிறது. ஒரே டிரைவுக்குள் இடம் மாற்றினால் மட்டும் தனக்கென்று இருந்த பட்டியலைக் கூடவே கொண்டு போகிறது. பூட்டிய ஃபோல்டரிலிருந்த கோப்பைப் பொது இடத்துக்கு நகலெடுத்துவிட்டு ‘பூட்டு எங்கே போனது’ என்று தேடுவதும் இதனால்தான். பென் டிரைவில் பெரும்பாலும் இருப்பது எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32. அங்கே பட்டியலே கிடையாது. கோப்பு அதில் ஏறிய கணமே யாருக்கும் சொந்தம்.

நிர்வாகி என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிவிட்டேன். முழு ஏற்பாடும் அங்கேதான் தொங்குகிறது. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் அதை அமைப்பது வீட்டில் கணினி நன்றாகத் தெரிந்த பதினைந்து வயதுப் பையன். விளைவு, வீட்டுக்கே அவன்தான் நிர்வாகி. அப்பா வெறும் பயனாளர். நிர்வாகி ஒருவர் இன்னொருவரின் ஃபோல்டரைத் திறக்கப் போனால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு பெட்டி வரும்; அதிலேயே ‘கன்டினியூ’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் கதவு திறக்கும். பலர் கவனிக்காதது அடுத்து நடப்பதைத்தான்: அந்த அனுமதி அப்போதைக்கு மட்டும் அல்ல, அழுத்தியவரின் பெயர் அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடுகிறது. ஒருநாள் நீங்கள் செக்யூரிட்டி தாவலைத் திறந்து அங்கே மகன் பெயரைக் கண்டால், அவன் வந்துபோனது உறுதி.

என் கருத்து இது: நிர்வாகிக் கணக்கு என்று தனியாக ஒன்று இருக்கட்டும், அதன் கடவுச்சொல் பெரியவர்களிடம் இருக்கட்டும், அன்றாட வேலைக்கு அதை யாருமே பயன்படுத்த வேண்டாம். அப்பா உட்பட எல்லோருக்கும் சாதாரணக் கணக்கு. மென்பொருள் நிறுவ வேண்டிய நாளில் விண்டோஸே நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். தனிக் கணக்கால் கிடைக்கும் உபரி லாபமும் உண்டு. குரோம் சேமித்து வைக்கும் வங்கிக் கடவுச்சொற்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. ஒரே கணக்கில் எல்லோரும் உட்கார்ந்தால் அம்மாவின் வங்கிக் கணக்கும் தம்பியின் விளையாட்டுக் கணக்கும் ஒரே பையில்தான் கிடக்கும்.

கோப்பை ‘ஹிடன்’ ஆக்குவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அது அலமாரியைக் கூட நகர்த்தாத ஒளிப்பு. எக்ஸ்புளோரரில் ஒரு குறியைப் போட்டால் எல்லாம் தெரியும். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. 21.04 பதிப்புக்கு முன் அதில் தொடங்கிய வீட்டு ஃபோல்டர்களை மற்றப் பயனாளர்கள் படிக்க முடிந்தது. பழைய கணினியானால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது முழுவதும், விண்டோஸ் விழித்திருக்கும்போது மட்டும் செல்லும். பட்டியலை ஒப்பிடுவது அதுதானே. கணினியை அணைத்து, லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவால் தொடங்கினாலோ, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, அந்தப் பட்டியலை மதிக்க அங்கே யாரும் இல்லை. கோப்புகள் எல்லாம் வெறும் எழுத்தாகவே டிஸ்கில் கிடக்கின்றன. பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து படங்கள் வெளியேற இந்த ஒரு வழியே போதும்.

அதற்கு மருந்து மறையாக்கம். விண்டோஸின் மறையாக்க ஏற்பாடான பிட்லாக்கர் 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பொதுமக்களுக்கு வந்தது. டிரைவில் எழுதப்படும் அனைத்தையும் ஒரு சாவியால் குழப்பி எழுதும். சாவி இல்லாதவருக்குக் கிடைப்பது அர்த்தமற்ற குப்பை. விண்டோஸின் ஹோம் பதிப்பில் இதன் முழு வடிவம் இல்லை, ஆனால் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற எளிய வடிவம் உண்டு. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிட்லாக்கர் வீட்டுக்கு வெளியே இருப்பவரைத் தடுக்கிறது, வீட்டுக்குள் ஒருவரை ஒருவரிடமிருந்து காப்பதில்லை. கணினி தொடங்கிவிட்டால் எல்லாக் கணக்குகளுக்கும் டிஸ்க் திறந்துதான் இருக்கும். ஆகவே தனிக் கணக்குகளும் வேண்டும், மறையாக்கமும் வேண்டும். ஒவ்வொரு பயனாளரின் கோப்பையும் அவரவர் சாவியால் பூட்டும் இஎஃப்எஸ் என்ற முறை புரோ பதிப்பில் உண்டு. அதை வீட்டுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மறந்துபோன கடவுச்சொல்லை நிர்வாகி வேறொன்றாக மாற்றிக் கொடுத்த மறுகணம், சாவியின் நகலை எடுத்து வைத்திராதவருக்கு அந்தக் கோப்புகள் போனது போனதுதான்.

ஒரே ஓர் எக்செல் கணக்கைத்தான் காக்க வேண்டும் என்ற கோயில் பொருளாளருக்கு எளிய வழி, அந்தக் கோப்புக்கே கடவுச்சொல் போடுவது. எக்செல் 2007 முதல் அது உண்மையான மறையாக்கம். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்தால் பலவீனமானது. பல கோப்புகள் என்றால் செவன்-சிப் என்ற, கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் மென்பொருளில் கட்டி ஏஇஎஸ்-256 என்ற மறையாக்கப் பூட்டைப் போடலாம். இரண்டுமே படிப்பதைத்தான் தடுக்கும். அழிப்பதைத் தடுக்காது, அதற்குக் கோப்பு அவருடைய சொந்தக் கணக்கின் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்க வேண்டும்.

பிட்லாக்கரைப் போடுவதாக இருந்தால், அன்றே அதன் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் அச்சிட்டு, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்துவிடுங்கள். மதர்போர்டை மாற்றினால் கணினி அதைத்தான் முதலில் கேட்கும், கடைக்காரரிடம் அது இருக்காது.