உறைந்த எண்ணெயும் சூடான தாமரையும்

போன தை மாதம் திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போனபோது சமையலுக்கென்று தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் எடுத்துப் போனோம். மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிபட்டிருந்தது. நல்லெண்ணெய் எப்போதும்போல ஓடியது. ஜன்னலுக்கு வெளியே அதே குளிரில் கரட்டும் லீக்ஸும் பச்சைப்பசேலென்று நின்றன. அவை எப்படி நிற்கின்றன என்பதற்கு அந்த இரண்டு போத்தல்களே பாதி விடை.

செடியும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது. கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகள் ஒட்சிசனைக் கொண்டு வெல்லத்தை உடைத்து, வளரவும் பழுதானதைச் சீர்செய்யவும் வேண்டிய சக்தியை ஏ.ரி.பி. மூலக்கூறுகளாக்கி வைக்கின்றன. இந்த வேலை, கலத்தின் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் நொதியங்களுடையது. குளிர்ந்தால் அவை மந்தமாகிவிடும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் சுவாச வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது.

மந்தமாவது மட்டுமல்ல சிக்கல். இழைமணியின் உள்மென்சவ்வு பெரும்பாலும் கொழுப்பும் புரதமும்தான். முக்கியமான நொதியங்கள் அதிலேயே பதிந்திருக்கின்றன. சவ்வு தேங்காய் எண்ணெய்போல் இறுகினால் அவற்றால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. குளிர் பழகிய செடி சில நாட்களில் அந்தக் கொழுப்பையே மாற்றிவிடுகிறது. குளிரிலும் எளிதில் இறுகாத நிரம்பாத கொழுப்பமிலங்களைக் கூட்டிக்கொள்கிறது; அதாவது தேங்காய் எண்ணெயாக இருந்த சவ்வு நல்லெண்ணெய்ப் பக்கம் நகர்கிறது. கூடவே நொதியங்களையும் அதிகமாக உருவாக்குகிறது. ஒரு தொழிலாளி மெதுவாக வேலை செய்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பதுபோல. நன்றாகப் பழகிவிட்டால், சூட்டில் சுவாசித்த அளவுக்குக் கிட்டவே குளிரிலும் சுவாசிக்கும். குளிரிலேயே துளிர்த்த புது இலைகள் இதில் பழைய இலைகளைவிடக் கெட்டிக்காரர்கள்.

வாழைக்கு இந்த வித்தை வராது. கதலிப்பழத்தை பிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், தோல் கறுத்துவிடும். சவ்வுகள் கெட்டு, கலத்துக்குள் தனித்தனியாக இருந்த பொருட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் வரும் கறுப்பு அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். சுவாசத்தில் வெல்லத்திலிருந்து வரும் இலத்திரன்கள் படிப்படியாகக் கைமாறி ஒட்சிசனைச் சேர வேண்டும். குளிரில் அந்தப் பாதை நெரிசலாகும். தேங்கிய இலத்திரன்கள் வழிதவறினால் கலத்தை அரிக்கும் ஒட்சிசன் வகைகள் உருவாகும். அதற்காகச் செடிகள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. மாற்று ஒட்சிடேசு என்ற நொதியம் இலத்திரன்களை இடையிலேயே வாங்கி ஒட்சிசனிடம் சேர்த்துவிடும். அந்த வழியில் ஏ.ரி.பி. குறைவு, மிச்சச் சக்தி வெப்பமாகப் போய்விடுகிறது. மெல்லிய இலையில் அந்த வெப்பம் தங்காது.

தாமரைப்பூவில் தங்குகிறது. 1996இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் தாவரவியல் பூங்காவில் அளந்ததை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெளிக்காற்று 10 பாகைக்கு இறங்கியபோதும் மலரும் பூவின் உள்ளே 30 முதல் 35 பாகை வரை இருந்தது. நடுவிலுள்ள பொகுட்டுத்தான் முக்கியமான அடுப்பு. அந்தச் சூட்டின் பெரும்பங்கு இதே குறுக்குவழியில் வருகிறது. பெரும்பாலான செடிகளில் குளிர் கூடினால் சுவாசம் தளரும். இந்தப் பூவில் குளிர் கூடக் கூடச் சுவாசமும் கூடுகிறது. இரவில் பூவுக்குள் தங்கி மகரந்தம் சுமக்கும் வண்டுகளுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும் என்று கருதுகிறார்கள்.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு நிலத்தின் ஆழத்திலிருந்து சூடு வருகிறது. எங்கள் குளத்துத் தாமரை தன் மாப்பொருளை எரித்துச் சூட்டை உண்டாக்குகிறது. திருகோணமலை இரவு அடிலெயிட் அளவுக்குக் குளிராது என்பதால், இங்கே அந்த அடுப்பைச் சில பாகைக்கு மூட்டினாலே போதும்.