தொட்டி மாற்றினால் ரப்பர் செடி ஏன் இலையைக் கொட்டுகிறது?

சென்னையில் மண்ணடி, சவுகார்பேட்டைப் பக்கம் பழைய கட்டடங்களை அண்ணாந்து பார்த்தால், சன்ஷேடு இடுக்கில் ஒரு அரசங்கன்று எப்படியும் நிற்கும். ஒரு பிடி மண் கிடையாது, தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. சுண்ணாம்புக் காரையில் தங்கிய ஈரத்தைத் தேடி வேர் உள்ளே இறங்கிச் சுவரையே பிளந்துகொண்டிருக்கும். ஆல், அரசு, அத்தி, இச்சி என்று 800-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஃபைகஸ் பேரினத்தில்தான் நாம் ஹாலில் வைக்கும் ரப்பர் செடியும், சின்ன இலை பெஞ்சமினாவும் வருகின்றன. (டயருக்குப் பால் தரும் ரப்பர் மரம் வேறு குடும்பம்.) ஆனால் காசு கொடுத்து வாங்கி, ஆசையாகத் தொட்டி மாற்றி வைத்தால் ஒரே வாரத்தில் இலையைக் கொட்டும்.

சுவரில் நிற்கும் கன்று, வேர் எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறதோ அந்த அளவுக்குத்தான் இலை விட்டிருக்கும். தொட்டிச் செடிக்கு நாம் அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறோம். செடி தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் தடித்த வேர்களால் அல்ல, இளம் வேர் நுனிகளை ஒட்டியிருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்த்தூவிகளால். மண்ணை உதிர்க்கும்போது முதலில் அறுவது அவைதான். இலைகளோ வழக்கம்போல நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் செடி செலவைத்தான் குறைக்கும். இலையிலிருந்து காம்பு வழியாக வந்துகொண்டிருக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைகிறது, அதனால் காம்பின் அடியில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கு எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்கு இளகிக்கொடுக்கிறது, செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைகிறது, இலை தானாகக் கழன்று விழுகிறது. அது நோய் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோமே, பல செடிகள் சாவது அதில்தான். வேருக்கு ஆக்சிஜன் வேண்டும், நீர் நிரம்பிய மண்ணில் காற்று இல்லை, அழுகல் பிடித்துவிடும்.

இதே கணக்குதான் வெளிச்சத்திலும். உச்சி வெயிலில் வெளியே சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும், ஜன்னலைவிட்டுத் தள்ளிய ஹால் மூலையில் சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. நர்சரி வெளிச்சத்தில் வளர்ந்த இலையை அங்கே வைத்துக் காப்பாற்றுவது செடிக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே தொட்டி மாற்றுவதையும் இடம் மாற்றுவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள்.

சரி, எப்போது மாற்றுவது? அடித் துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது, அல்லது ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக ஓடிவரும்போது. நம்ம ஊருக்கு அக்னி நட்சத்திரம் வேண்டவே வேண்டாம், ஆடி ஆவணி நல்லது. புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண்ணின் ஈரத்தைக் குடிக்க ஆளில்லை, அது வாரக்கணக்கில் சொதசொதவென்று கிடக்கும்.

அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள், சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடி தண்ணீர் கொட்டும். நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கும், புவியீர்ப்பு கீழே இழுக்கும், இந்த இழுபறியில் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் தங்கியே தீரும். அந்த உயரம் மண்ணின் பொடித்தன்மையைப் பொறுத்தது, தொட்டியின் அளவைப் பொறுத்தது அல்ல. ஜல்லி போட்டால் மேலே இருக்கும் மண் முழுக்க நனைந்து நிரம்பும் வரை நீர் அந்தப் பெரிய இடைவெளிக்குள் இறங்காது. ஆக, ஈர அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும். மண்ணையே இலகுவாக்குங்கள்: செம்மண்ணோடு சொரசொரப்பான மணல், தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் மண்புழு உரம்.

முந்தின நாள் தண்ணீர் விட்டுவைத்து, செடியைக் கவிழ்த்துத் தட்டி எடுங்கள். வட்டமடித்துச் சுற்றிய வேர்களைக் கத்தியால் நாலு பக்கமும் மேலோட்டமாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் புது மண்ணுக்குள் போகாமல் அதே வட்டத்திலேயே சுற்றும். கறுத்துக் கொழகொழத்த வேரை மட்டும் வெட்டி எறியுங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும், அது சிலருக்கு அரிக்கும், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய ஆழத்திலேயே நட்டு, அடியில் ஒழுகும் வரை ஒருமுறை ஊற்றிவிட்டு, அப்புறம் இரண்டு விரற்கட்டை ஆழம் காய்ந்தால்தான் அடுத்த தண்ணீர். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்: மண்ணில் உப்பு கூடினால் அறுந்த வேர் நீரை உறிஞ்சவே திணறும்.

உப்பு என்றதும், ராயபுரம், தண்டையார்பேட்டை மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் போர் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உப்புதான் காரணமாக இருக்கும். வீணாகிறதே என்று ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, அதைப் பிடித்து ஊற்றலாம். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் செடியை வைக்காதீர்கள். லாரிகள் ஓடும் மணலி, எண்ணூர்ப் பக்கம் இலைமேல் கரும்புழுதி படியும். ரப்பர் செடியின் இலைத்துளைகள் அடிப்பக்கம்தான் இருப்பதால் மூச்சு அடைக்காது, ஆனால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் புழுதி இன்னும் நன்றாக ஒட்டும்.