பவளப்பாறை: சொல் விளக்கம்

கடலடியில் எடுத்த படங்களுக்குக் கீழே 'பவளப்பாறை' என்று எழுதிவிடுகிறோம். பழகிப்போன சொல்தான். ஆனால் அதன் இரண்டு பாதியும் பார்ப்பவரைத் திசை திருப்புகின்றன.

பவளத்துக்குப் பழந்தமிழில் துகிர் என்றும் பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை 'தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்' என்கிறது. அது நகைக்கான செம்பவளம். மன்னார் வளைகுடாவில் திட்டுகளைக் கட்டும் பவள உயிரிகள் வேறு வகை. அவற்றின் சுண்ணாம்புக் கூடு வெள்ளை. படத்தில் தெரியும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அவற்றின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். பவளத்துக்கு உணவில் பெரும்பங்கு தருவதும் அந்தப் பாசிதான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறும், வெள்ளைக் கூடு துலங்கும். அதுதான் வெளிறல். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இது நடந்தது. ஆகவே பளிச்சென்ற வெண்பவளப் படத்தை அழகு என்று ரசிப்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். அது பட்டினி கிடக்கும் உயிராக இருக்கலாம்.

அப்புறம் பாறை. பவளப்பாறையை ஆங்கிலத்தில் 'கோரல் ரீஃப்' என்பார்கள். அந்த 'ரீஃப்' என்ற சொல்லின் வேர், வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் விலா எலும்பைக் குறித்த 'ரிஃப்'. கடலுக்கடியில் விலாவைப் போலப் புடைத்து நிற்பதால் வந்த பெயர். நம் 'பாறை'யோ கல்லை மட்டுமே நினைவூட்டுகிறது. பாறைதானே என்று நினைத்து, படமெடுக்க வசதியாகக் காலை ஊன்றிவிடுகிறார்கள். கிளைப்பவளம் ஓர் உதையில் ஒடிந்துவிடும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மனிதர் உயரத்துக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆகும்.

சரி, எப்படிச் சொல்லலாம்? இலங்கைத் தமிழில் முருகைக்கல் என்ற நல்ல சொல் புழங்குகிறது. கூட்டுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் அதிலும் கல் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி விளைந்த திட்டுகளை முத்துப்பார் என்பார்கள். கடலோடிகளின் 'பார்' வெறும் கல்லைச் சொல்வதில்லை. சிப்பியும் மீனும் சேர்ந்து வாழும் இடத்தையே சொல்கிறது. அதனால் உயிருக்குப் பவள உயிரி, கூட்டுக்கு முருகைக்கல், இரண்டும் சேர்ந்து வளர்ந்த முழுத் திட்டுக்குப் பவளப்பார் என்பதே என் தேர்வு.