கலங்கிய நீரில் மீசை காட்டும் வழி

ஆடி மாதம் மேட்டூர் அணைக்குப் புதுவெள்ளம் வரும்போது காவிரி செம்மண் நிறத்தில் இருக்கும். அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டால் விரல் கண்ணுக்குத் தெரியாது. அதே ஆற்றில்தான் நீர்நாய்கள் மீன் பிடித்துப் பிழைக்கின்றன. அணைக்கு மேலே, ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியில் அவை குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. 2022ல் தமிழ்நாடு அரசு அறிவித்த காவிரி தெற்கு சரணாலயத்தில் பாதுகாப்பு பெற்ற விலங்குகளில் நீர்நாயும் ஒன்று.

கண் உதவாது, சரி. மோப்பம் பிடிக்கலாமே என்றால், பெரும்பாலான பாலூட்டிகள் மூக்கை மூடிக்கொண்டுதான் முங்க வேண்டும். காதிலும் சிக்கல் உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது, தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர். ஓர் ஓசை ஒரு காதுக்கு முன்னதாகவும் மறு காதுக்குச் சற்றுப் பின்னாலும் வந்து சேர்வதை வைத்துத்தான் நம் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீருக்குள் அந்த இடைவெளி கால்வாசிக்கும் கீழே சுருங்கிவிடும். முங்கியிருக்கும்போது யாராவது இரண்டு கற்களைத் தட்டினால், எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று நம்மால் சொல்ல முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மிஞ்சுவது தொடுவுணர்ச்சி. நீர்நாயின் முகத்தில் கெட்டியான நீண்ட மீசை இருக்கிறது. ஐரோப்பிய நீர்நாய் ஒன்றை வைத்து 1970களில் சோதனை செய்தார்கள். மீசையை நறுக்கிய பிறகும் தெளிந்த நீரில் அது வழக்கம்போல மீன் பிடித்தது. கலங்கிய நீரில்தான் திணறியது, மீன் பிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

மீசையின் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் குளிர்கடல்களில் வாழும் சீல்களிடம் (கடல்நாய்களிடம்) போக வேண்டும். மீன் நீந்திப் போன பிறகும் அதன் வால் கிளப்பிய சுழல்கள் தண்ணீரில் சில நிமிடங்கள் வரை அடங்காமல் இருக்கும். அந்தத் தடத்தை சீல் படிக்கிறது. 2001ல் கீடோ டேன்ஹார்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதை நிரூபித்தார்கள். சீலின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒரு குட்டி நீர்மூழ்கியைத் தண்ணீருக்குள் ஓடவிட்டார்கள். இயந்திரம் நின்ற பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினார்கள். மீசையை முன்னே நீட்டியபடி நீந்திய சீல், தடம் குறுக்கிட்டதும் அதிலேயே திரும்பி, வளைவு நெளிவுகளோடு பின்தொடர்ந்து போய் நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தது. மீசையை உறையால் மூடியபோது அதனால் முடியவில்லை. செயற்கைத் துடுப்பு ஒன்று கடந்துபோன 35 நொடிக்குப் பிறகும், அது எந்தத் திசையில் போனது என்று சீலால் சொல்ல முடிந்ததைப் பின்னர் வந்த ஒரு சோதனை காட்டியது.

எனக்கு இதில் மிகவும் வியப்பான இடம் வேறு. காவிரிக் கரையோரம் ஓடும் தண்ணீரில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்தால், குச்சி கையில் படபடவென்று அதிரும். குச்சியின் பின்னால் ஒரு சுழல் இடப்பக்கமும் அடுத்த சுழல் வலப்பக்கமுமாக மாறி மாறிக் கழன்றுபோகும். ஒவ்வொன்றும் குச்சியைத் தன் பக்கம் இழுக்கும். மீசையை விரித்துக்கொண்டு வேகமாக நீந்தும் சீலுக்கும் இதே தொல்லை வரவேண்டும். தன் மீசையின் அதிர்வே ஓயாமல் இருந்தால், மீன் விட்டுப்போன மெல்லிய அசைவு எப்படி உறைக்கும்?

விடை முடியின் வடிவத்தில் இருக்கிறது. துறைமுகச் சீல் என்ற வகையின் மீசைமுடி உருண்டையாக இல்லை. தட்டையாக, நீளவாக்கில் பருத்தும் சிறுத்தும் அலை அலையாகப் போகிறது. அதனால் முடியின் ஒவ்வொரு பகுதியிலும் சுழல்கள் வெவ்வேறு நேரத்தில், முடியை விட்டுச் சற்றுத் தள்ளியே உருவாகின்றன. இழுப்புகள் ஒன்றுக்கொன்று ஈடாகி, முடி ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. 2010ல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. அப்படி அடங்கி நிற்கும் முடியில் மீனின் சுழல் வந்து மோதும்போது, அந்த அதிர்வு மட்டும் தனியாக எழுகிறது. ஒவ்வொரு முடியின் வேரிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகள் அதை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. உறையவைக்கும் கடலில்கூட மீசை வேர்களுக்கு மட்டும் சீல் சூடான ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தோல் குளிர்ந்தாலும் மீசை மரத்துப்போகக் கூடாது அல்லவா!

சீலுக்கு உறவான கடற்சிங்கத்தின் மீசைமுடி வழுவழுப்பானது. அதுவும் தடம் பிடிக்கும், ஆனால் தடம் பழையதாக ஆக சீலுக்கு ஈடுகொடுக்காது.

நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவுக்கும் முகத்தில் தடித்த முடிகள் உண்டு. அது கடற்புல் மேயும் விலங்கு, கடலடியை முகத்தால் தடவியே புல்லைக் கண்டுகொள்கிறது.

டால்பின் வேறு வழியில் போனது. மூக்குப் பாதைக்குள் 'கிளிக்' ஒலி எழுப்பி, நெற்றியிலுள்ள கொழுப்பால் அதைக் குவித்து அனுப்புகிறது. எதிரொலி கீழ்த்தாடைக் கொழுப்பு வழியாக உட்காதுக்குப் போகிறது. கலங்கலான கங்கையில் வாழும் டால்பினுக்குக் கண்ணில் லென்ஸே இல்லை. இந்த ஒலியை நம்பியே அது வாழ்கிறது.

டால்பின் குட்டிகள் மூக்கின் மேல் சில மீசைமுடிகளோடு பிறக்கின்றன. அவை விரைவில் உதிர்ந்துவிடும், குழிகள் மட்டும் மிஞ்சும். தென் அமெரிக்கக் கரையோரம் வாழும் கயானா டால்பினிடம் அந்தக் குழிகள் மெல்லிய மின்புலத்தை உணர்வதாக 2011ல் கண்டறிந்தார்கள். உயிருள்ள எந்த மீனைச் சுற்றியும் அப்படி ஒரு மின்புலம் உண்டு. சேற்றுக்கு அருகே இரை தேடும்போது, எதிரொலியில் பிரித்தறிய முடியாத மீனையும் அந்தப் பழைய மீசைக் குழிகளால் கண்டுகொள்ள முடியும்.