வலி வந்த பிறகு ஊதினால் காது திறக்காது

"ஒரு தடவை காது ஜவ்வு கிழிஞ்சிட்டா அப்புறம் வலிக்காது டாக்டர், எங்க பெரியவங்க எல்லாம் அப்படித்தான்." மன்னார் வளைகுடாக் கரையில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் எனக்கு இது மனப்பாடம். சங்கு குளிக்கப் போகிறவர்கள் சொல்வார்கள், பாசி எடுக்கும் அக்காமார் சொல்வார்கள், இப்போது வீடியோ பார்த்து ஃப்ரீடைவிங், அதாவது மூச்சை அடக்கி முக்குளிப்பது, பழகும் கல்லூரிப் பையன்களும் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்ன தம்பியின் காதைப் பார்த்தேன். நல்ல காது ஜவ்வு, உரித்த சின்ன வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லிசாக, பளபளப்பான சாம்பல் நிறத்தில் இருக்கும். அவருக்கு அது சிவந்து, உள்பக்கம் குழிந்து, ஜவ்வோடு சேர்ந்திருக்கும் சுத்தி எலும்பை ஒட்டி இரத்தம் கோடு கட்டியிருந்தது. இன்னும் கிழியவில்லை. ஆனால் மறுநாளே கடலுக்குப் போகும் யோசனையில் இருந்தார்.

கிழிந்தால் வலி குறைவது உண்மைதான், ஜவ்வின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் ஆகிவிடுமே. ஆனால் உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்த கடல்தண்ணீர் ஒரு பக்க நடுக்காதுக்குள் புகுந்ததும் தலை கிறுகிறுவென்று சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. கரையில் என்றால் உட்கார்ந்துகொள்ளலாம். 5 பாகம், அதாவது சுமார் 9 மீட்டர் ஆழத்தில் மூச்சை அடக்கியிருப்பவர் என்ன செய்வார்? அதில் தப்பினாலும் ஓட்டை ஆறாமல் சீழ் வடிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகி வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

காது ஏன் வலிக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதில் கொஞ்சம் காற்று இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் ஓடுகிறது, அதுதான் யூஸ்டேஷியன் குழாய். கீழே இறங்க இறங்கத் தண்ணீரின் அழுத்தம் அந்தக் காற்றைச் சுருக்கும், ஜவ்வு உள்பக்கம் இழுபட்டு வலிக்கும். 10 மீட்டரில் பாதியாகிவிடும், 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது முதல் 10 மீட்டரில்தான் பெரிய மாற்றமே நடக்கிறது, குறைந்த ஆழம்தானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் மாட்டுவதும் அங்கேதான். இதை ஈடுகட்ட அந்தக் குழாய் வழியாக நடுக்காதுக்குக் காற்று அனுப்ப வேண்டும்; அனுப்பாமல் சுமார் ஒன்றேகால் மீட்டர் இறங்கினாலே குழாயின் மென்மையான வாய் ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு முக்கி ஊதினாலும் திறக்காது. அழுத்தம் உள்காதுக்குப் போய் அங்கே சன்னல் மாதிரி இருக்கும் மெல்லிய சவ்வைக் கிழித்தால் நிரந்தரமாகக் கேட்காமலே போகலாம்.

அதனால் வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். தண்ணீருக்குள் தலை போகும் முன்பே ஒரு முறை, பிறகு காது அடைப்பதற்கு முன்னால் மீட்டருக்கு ஒரு முறையாவது காற்று அனுப்ப வேண்டும். ஒரு முறை திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே வந்து முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் அன்றைக்கு ஏறிவிடுங்கள்.

மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து ஊதுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை. இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704இல் இதை எழுதியது காதிலிருந்து சீழை வெளியேற்றத்தான், முக்குளிக்க அல்ல. தலைகீழாக இறங்கும்போது வயிற்று உறுப்புகள் நெஞ்சுப் பக்கம் சரிய, நுரையீரலும் சுருங்கிக்கொண்டே போவதால் நெஞ்சிலிருந்து காற்றை மேலே தள்ளுவது சிரமமாகிவிடும். ஆழத்துக்கு உதவுவது ஃப்ரென்செல் முறை. ஹெர்மன் ஃப்ரென்செல் என்ற மருத்துவர் ஜெர்மன் போர் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தது இது. இதில் வேலை செய்வது நாக்கு.

வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, பாரம் தூக்கும்போது தொண்டையை இறுக்கி மூச்சை நிறுத்துவோமே, அப்படி நிறுத்துங்கள். நாக்கு நுனியைத் 'த்' சொல்லும் இடத்தில் பல்லுக்குப் பின்னால் ஒட்டி வைத்து, பின்நாக்கை 'க்' சொல்வதுபோல மேலே தூக்குங்கள். வாயிலிருக்கும் காற்றுக்கு வேறு வழி இல்லாமல் மூக்கின் பின்பக்கம் வழியாகக் குழாய்க்குள் போகும். விரல்களுக்கு மேலே மூக்கு லேசாக உப்பும், காதில் 'டிக்' என்று கேட்கும். இன்னொரு கையை வயிற்றில் வைத்திருங்கள், வயிறு அசைந்தால் நீங்கள் இன்னும் நெஞ்சிலிருந்துதான் ஊதுகிறீர்கள். சிலருக்கு ஒரே நாளில் வரும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும். சரியாக வந்தால் பலமே வேண்டியதில்லை. தண்ணீரில் தலைகீழாக இறங்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்காமல் தாடையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து இழுபட்டால் தொண்டைத் தசையும் இறுகிக் காற்று போகாது.

சளி பிடித்திருக்கும்போது இறங்கவே வேண்டாம். மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அதன் வேலை பாதியில் தீர்ந்து, மேலே ஏறும்போது காற்று வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ வைத்துக்கொண்டும் மூழ்கக் கூடாது. வலி என்றவுடன் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். ஜவ்வு கிழிந்திருந்தால் அது நடுக்காதுக்கே போய்விடும், தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள்.

அந்தத் தம்பியை மூன்று வாரம் கரையில் இருக்கச் சொன்னேன். காது ஆறியபின் வந்து, என் எதிரில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்தார், வயிறு அசையவில்லை. முக்குளித்துவிட்டு ஏறிய பிறகு காதில் இரைச்சலோ, சட்டென்று மந்தமோ, நிற்காத தலைச்சுற்றலோ இருந்தால் மட்டும் இப்படிக் காத்திருக்க முடியாது. அது உள்காது அடிபட்டதாக இருக்கலாம், இரவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.